மூணு மாச சுகரும் பொட்டலத்து மாத்திரையும்

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் நிபந்தனை போடலாமா, கூடாதா? இந்தக் கேள்வியில் எங்கள் குடும்பம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. "வலிக்குதுன்னு போனா வைத்தியம் பாக்கணும். உடம்பக் குறைச்சிட்டு வா, அப்பதான் தொடுவேன்னு சொல்ல அவரு யாரு?" என்பது மாமாவின் கட்சி. "நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு, கேட்டா என்ன கொறஞ்சா போயிடும்" என்பது அவர் மகளுடைய கட்சி. நான் ஆரம்பத்திலிருந்தே மகள் கட்சி. இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஆனால் ஒரு ஷரத்தோடு. அந்த ஷரத்து எங்கிருந்து வந்தது என்பதை எழுதிவிட வேண்டும் என்று பல மாதங்களாக உறுத்திக்கொண்டே இருந்தது.

பிரச்சினை அத்தையின் இடது முட்டி. அத்தை மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையலராக இருந்தவர். விறகடுப்பில் ஆரம்பித்து கேஸ் அடுப்பு வந்த பிறகு ஓய்வு பெற்றவர். அரிசி மூட்டையை இழுத்துப் போடுவதும், கொதிக்கிற அண்டாவை இன்னொரு ஆளோடு சேர்ந்து இறக்குவதும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து வண்டி வண்டியாய்க் காய் நறுக்குவதுமாகவே வேலைக்காலம் போனது. எக்ஸ்ரேயில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. படி இறங்கினால் பக்கவாட்டில்தான் இறங்குவார். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது பந்தி எங்கே என்றல்ல, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று.

தஞ்சாவூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்ததுமே மாற்று மூட்டு வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார். அடுத்து ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார். மூணு மாச சுகர், அதாவது மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற HbA1c, 9.4. எடை 88 கிலோ. "எட்டுக்குக் கீழ கொண்டாங்கம்மா. ஒரு பத்து கிலோ இறங்கட்டும். அப்புறம் தேதி பாக்கலாம்." கையில் ஓர் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். காலையில் ஓட்ஸ், பதினொரு மணிக்கு முளைகட்டிய பயறு, மாலையில் நாற்பது நிமிடம் வேகநடை. வேகநடை என்ற இடத்தில் அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பதா, அழுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

டாக்டர் சொன்னது சரிதான்

தாளைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் டாக்டர் அந்த எண்ணைப் பார்த்துத் தயங்கியதில் பிழையே இல்லை. செயற்கை மூட்டு என்பது உயிரில்லாத உலோகம். அதற்குள் ரத்தம் ஓடாது. கிருமி அதன்மேல் படிந்து தன்னைச் சுற்றி ஒரு பிசின் படலம் கட்டிக்கொண்டுவிட்டால், ரத்தத்தின் வழியாகப் போகிற எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதை எளிதில் எட்டாது. பல நேரங்களில் வைத்த மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமென்ட்டை இடைக்காலத்துக்கு அங்கே வைத்து, வாரக்கணக்கில் ஊசி போட்டு, பிறகு மறுபடி திறந்து புது மூட்டு வைக்க வேண்டும். அதுவும் எடுபடாமல் முட்டியே மடங்காதபடி இணைத்துவிட்டவர்களும் உண்டு, காலை இழந்தவர்களும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக இருக்கும்போது கிருமியை எதிர்க்கிற வெள்ளணுக்கள் மந்தமாகின்றன, புண் ஆறுவது தள்ளிப்போகிறது. அந்த நிலையில் கத்தி வைக்க மாட்டேன் என்பவர் நோயாளியைத் தண்டிக்கவில்லை, காப்பாற்றுகிறார்.

புகையிலையில் ஆதாரம் இன்னும் கெட்டியாக இருக்கிறது. 2002இல் லான்செட் இதழில் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்றை டாக்டர்கள் இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். இடுப்பு அல்லது முட்டி மாற்றிக்கொள்ள இருந்த 120 புகைப்பழக்கக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே புகையை விட உதவினார்கள். அவர்களில் சிக்கல் வந்தது 18 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல் விட்டுவிட்ட பிரிவில் 52 சதவீதம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டே "அது அவங்கவங்க இஷ்டம்" என்று ஒரு டாக்டர் பேசாமல் இருந்தால்தான் தப்பு.

ஆனால் இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த 120 பேரிடமும் யாரும் "விட்டுட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லவில்லை. ஆபரேஷன் பட்டியலில் அவர்களுக்கு ஏற்கெனவே இடம் இருந்தது. உதவி பெற்ற பிரிவினரை வாராவாரம் உட்கார வைத்துப் பேச ஒரு நர்ஸ் இருந்தார். அவர்களுக்கு நிக்கோட்டின் மாற்று மருந்தையும் கொடுத்தார்கள். கதவைச் சாத்தி வைத்துக் கிடைத்த பலன் அல்ல அது.

கதவைச் சாத்திப் பார்த்த இடமும் உண்டு. 2017இல் இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷயரில் அரசு மருத்துவச் சேவைக்கான நிதியைக் கையாளும் குழுக்கள் ஒரு விதி கொண்டுவந்தன. அவசரமில்லாத அறுவை சிகிச்சை வேண்டுமென்றால், உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் கணக்கிடும் பிஎம்ஐ 40க்கு மேல் இருப்பவர்கள் உடல் எடையில் 15 சதவீதமும், 30க்கு மேல் இருப்பவர்கள் 10 சதவீதமும் குறைக்க வேண்டும். புகைப்பவர்கள் எட்டு வாரம் விட்டிருக்க வேண்டும், மூச்சுப் பரிசோதனையில் அது தெரியவும் வேண்டும். அந்நாட்டு அறுவை மருத்துவர்களின் ராயல் கல்லூரியே இதை எதிர்த்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து ஒரு சர்ஜன் எடுக்க வேண்டிய முடிவை, ஆளையே பார்க்காத குழு மொத்தமாக எடுத்துவிடுகிறது என்பதுதான் அதிலுள்ள சங்கடம். மிச்சமாகும் பணமும் கணக்கில் சேர்ந்துவிட்டால், எது அக்கறை, எது சிக்கனம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னும் முன்னால், 1993இல், மான்செஸ்டரில் 47 வயதுக்காரர் ஒருவருக்குச் சிகரெட்டை விட்டால்தான் இதயப் பரிசோதனையே செய்வோம் என்றார்கள். அவர் விட்டுவிட்டார். அடுத்த முறை பார்க்கக் கொடுத்த நாள் வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். நிபந்தனையை நிறைவேற்றிய பிறகும் நேரம் நமக்காகக் காத்திருக்காது.

அடுத்த புதன்கிழமையே

நம் ஊரில் சிக்கல் நேர் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறது. மாமா பொறுமையிழந்து, தெரிந்தவர் சொன்னார் என்று இன்னோர் ஊரில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஃபைலோடு போனார். அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே பேக்கேஜ் என்னவென்று சொல்லிவிட்டார்கள். இரண்டு முட்டியும் சேர்த்துச் செய்தால் தள்ளுபடி. சுகரைப் பற்றிக் கேட்டதற்கு, "அட்மிட் ஆனதும் இன்சுலின் போட்டு ரெண்டு நாள்ல கொண்டாந்துடுவோம் சார், அடுத்த புதன்கிழமையே வெச்சுக்கலாம்" என்று பதில். மாமா வீடு திரும்பியபோது அவர் முகத்தில் வெற்றிக் களை. "பாத்தியா, மனசு இருந்தா மார்க்கம் உண்டு" என்றார். அங்கே மனசைவிட வேறொன்று அதிகம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஒருவர் முடியாது என்கிறார், ஒருவர் அடுத்த புதன் என்கிறார், முட்டி ஒன்றுதான். காசு இருப்பவருக்கு நிபந்தனை கரைந்துவிடும், இல்லாதவர் மட்டும் ஓட்ஸ் கஞ்சியோடு காத்திருக்க வேண்டும் என்பதுதான் நம்மூர் நடைமுறை.

அதற்கிடையில் வீட்டில் இன்னொரு கூத்து. அத்தை மகள் குளுக்கோமீட்டர் வாங்கி வந்து காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் 120, 130தான் காட்டும். சாப்பாட்டுக்குப் பின் பார்த்தால் முந்நூறைத் தாண்டும். இதற்கு எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்த விளக்கம், அத்தை பகலில் யாருக்கும் தெரியாமல் எதையோ தின்கிறார் என்பது. சமையல் மேடை டப்பாக்கள் இடம் மாறின. வெல்லம் பீரோவுக்குள் போனது. ஊரிலிருந்து யாராவது இனிப்பு கொண்டுவந்தால், அதை வைத்துவிட்டுப் போகும்வரை எல்லோர் கண்ணும் அத்தை மேல்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அளந்து பரிமாறிய பெண்மணியைத் தட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். அவரும் எதிர்த்துப் பேசவில்லை. எடை வேறு இறங்கவே இல்லை. ஒருவேளை தூக்கத்தில் தின்கிறேனோ என்று அவரே ஒரு நாள் கேட்டார்.

மேசை மேல் கொட்டிய பை

முடிச்சை அவிழ்த்தவர் எலும்பு டாக்டர் இல்லை. மயக்க மருந்து டாக்டர். முதலில் பார்த்த தஞ்சாவூர் மருத்துவமனையிலேயே, எதற்கும் ஃபிட்னஸ் நிலவரம் பார்த்துவிடலாம் என்று அவரிடம் அனுப்பினார்கள். நடுத்தர வயதுப் பெண். ஃபைலைத் திறக்கவில்லை. அத்தையின் புறங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெற்றிலைச் சாறு தெறித்த மாதிரி ஊதா ஊதாவாகத் திட்டுகள். தோல் மெலிந்து சுருங்கியிருந்தது. கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். "முகம் எப்பவுமே இப்படித்தான் உருண்டையா இருக்குமாம்மா?" என்றார். ரிட்டயர் ஆன பிறகு ஓய்வு கிடைத்ததில் முகம் நிறைந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்ட முகம் அது.

"கொண்டாந்த பையில இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் இப்படி மேசை மேல கொட்டுங்க."

சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கால்சியம், வாயுவுக்கு ஒன்று. அவற்றோடு நாலாக மடித்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று மாத்திரை. அட்டையிலிருந்து பெயரில்லாத பக்கமாக வெட்டி எடுத்த ஒன்று, மஞ்சளில் ஒன்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக வெள்ளையில் ஒன்று. தெருமுனை மெடிக்கலில் "முட்டி வலி" என்று சொன்னால் மடித்துக் கொடுப்பார்களே, அந்தப் பொட்டலம். காலையில் ஒன்று போட்டுக்கொண்டால் பகல் முழுக்க நடமாடலாம். அத்தை அதை மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. டாக்டர் எழுதினால்தானே மாத்திரை? இது வலிக்கு வாங்கிப் போடுவது.

அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. வலி, வீக்கம் எல்லாம் மந்திரம் போட்டதுபோல அடங்கும். கூடவே சர்க்கரையை ஏற்றும், பசியைக் கிளப்பும், எடையைக் கூட்டும், முகத்தை உருட்டும், தோலை மெலிய வைக்கும். காலையில் போட்டால் அதன் வேகம் பகலில்தான் உச்சத்துக்குப் போகும், ராத்திரி அடங்கிவிடும். காலையில் 120, பிற்பகலில் 300 என்று குளுக்கோமீட்டர் அத்தனை நாளும் சொன்னது இதைத்தான். பீரோவில் பூட்டிய வெல்லத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் நின்று யோசித்த இடம் இது. டாக்டர் கேட்டது 9.4ஐ எட்டுக்குக் கீழே கொண்டுவா என்று. அந்த 9.4ஐ ஏற்றிவிட்டதே முட்டி வலி. வலி இருப்பதால் மாத்திரை, மாத்திரையால் சர்க்கரையும் எடையும், அவற்றால் ஆபரேஷன் இல்லை, ஆபரேஷன் இல்லாததால் வலி. இந்த வட்டத்துக்குள் நிற்கிறவரிடம் வாழ்க்கைமுறையை மாற்று என்று சொன்னால் அவர் எதைப் பிடித்து மாற்றுவார்? நாக்கைக் கட்டு என்று எல்லோரும் சொன்னோம். எதனால் ஏறுகிறது என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அதைவிடப் பயங்கரம், அடுத்த புதன்கிழமை. நாள்பட ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டை இயற்கையாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும், அதுதான் வெளியிலிருந்து வருகிறதே என்று. ஆபரேஷன் மாதிரி ஓர் அதிர்ச்சி வரும்போது உடம்புக்கு அது பல மடங்கு தேவை. விஷயம் தெரியாமல் மேசையில் படுக்க வைத்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே போய்விடலாம். வீட்டில் நாமாகத் தடாலென்று நிறுத்தினாலும் அதே ஆபத்து. நிபந்தனை போட்டவரும் பொட்டலத்தைப் பார்க்கவில்லை, நிபந்தனையே இல்லாமல் கத்தியைத் தீட்டியவரும் பார்க்கவில்லை. வேண்டாம் என்றவரும் உடனே என்றவரும் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததில் சமம்.

மயக்க மருந்து டாக்டர் ஒரு சுகர் டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார். ஸ்டீராய்டை வாரம் வாரமாகக் குறைத்தார்கள். வலிக்கு வேறு வழி பார்த்தார்கள், கொஞ்ச காலம் இன்சுலின் போட்டார்கள். எந்த மாதம் திரும்ப வர வேண்டும், அதுவரை யாருக்குப் போன் செய்யலாம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மூணு மாச சுகர் 7.6. எடை மூன்று கிலோதான் குறைந்தது, அந்தப் பத்து கிலோவைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேசவில்லை. இடது முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மெடிக்கல்காரனைச் சும்மா விடக்கூடாது என்று மாமா குதித்தார். அத்தை விடவில்லை. "அவன் ஒருத்தன்தான்டா எப்படி இருக்குதுன்னு கேட்டு மாத்திரை குடுத்தான். மத்தவங்க எல்லாம் எத்தனை இருக்குதுன்னுதான் கேட்டாங்க" என்றார். அவன் செய்தது குற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

குடித்தவருக்கு ஈரல்

முட்டியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசுகிற நான் ஈரல் என்று வந்தால் தடுமாறுகிறேன். குடியால் ஈரல் கெட்டவர்கள் ஆறு மாதம் குடிக்காமல் இருந்தால்தான் மாற்று ஈரல் என்ற விதி உலகத்தில் பல இடங்களில் நெடுநாள் இருந்தது. அதற்கு ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. குடியை நிறுத்தினாலே சிலருக்கு ஈரல் தானாகத் தேறிவிடும். ஆனால் அந்த விதிக்குள் தகுதி பார்க்கிற குரலும் கலந்தே இருந்தது. கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டுக்கு 2002இல் ஈரல் மாற்றினார்கள். அவர் மறுபடி குடித்தார், 2005இல் இறந்தார். யாரோ ஒருவர் சாகும்போது கொடுத்துவிட்டுப் போன ஈரலை வீணடித்துவிட்டார் என்று அன்றைக்குப் பலர் கொதித்தார்கள்.

2011இல் வெளியான ஓர் ஆய்வுக்காக பிரான்ஸ், பெல்ஜியம் நாட்டு டாக்டர்கள் அந்த விதியை மீறிப் பார்த்தார்கள். மருந்துக்கு மசியாத, ஆறு மாதம் காத்திருந்தால் பெரும்பாலும் இறந்துவிடக்கூடிய 26 பேரைக் கவனமாகத் தேர்ந்தெடுத்து உடனே ஈரல் மாற்றினார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதே நிலையில் இருந்தும் ஈரல் மாற்றாத வேறு நோயாளிகளில் 23 சதவீதம். மறுபடி குடித்தவர்கள் மூன்றே பேர். ஆனால் அவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது முக்கியம். குடும்பம் கூடவே நிற்கிறவர்களை, மனநல டாக்டரும் பார்த்துச் சரி என்றவர்களை. அங்கும் விசாரித்துத்தான் முடிவெடுத்தார்கள். நாள்காட்டியைப் பார்த்து எடுக்கவில்லை.

நம் நாட்டுக் கணக்கு வேறு. இங்கே ஈரல் மாற்றத்தில் பெரும்பகுதி, உயிரோடிருப்பவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுப்பதுதான். கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். அதாவது, பல நேரங்களில் குடித்தவர் கணவர், வயிற்றைத் திறந்து கொடுப்பவர் மனைவி. அப்போது அந்த ஆறு மாதம் யாருக்காக? காத்திருப்புப் பட்டியலில் நிற்கும் அடுத்த ஆளுக்காக இல்லை, அந்தப் பெண்ணுக்காக. "கொடுக்கிறேன்" என்று அவர் சொல்வதற்குப் பின்னால் மாமியார், பிள்ளைகள், ஊர்வாய் எல்லாம் நிற்கும். கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் உண்மையான விருப்பம் என்னவென்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். இந்த ஓர் இடத்தில் மட்டும் கடுமையான நிபந்தனையை நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரித்துவிடுவேன் போலிருக்கிறது. அந்தக் கணவர் ஆறு மாதம் தாங்க மாட்டார் என்றால் என்ன செய்வது என்று மாமா கேட்கிறார். இதுவரை நான் சொன்ன எந்தப் பதிலும் அவருக்குப் போதவில்லை. எனக்கும்தான். கூடவே, 2003இலிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசாங்கத்தின் கையில் இருக்கிற மாநிலத்தில், குடித்ததற்கான பொறுப்பு மொத்தமும் குடித்தவனுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் என் ஷரத்து இவ்வளவுதான். சர்க்கரை இறங்கட்டும், பீடியை விடுங்கள் என்று டாக்டர் கேட்கட்டும். கேட்கிறவர் ஏன் இறங்கவில்லை, ஏன் விட முடியவில்லை என்பதை விசாரிக்கும் பொறுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளட்டும். திரும்ப வரும் தேதியைச் சீட்டில் எழுதட்டும். ஒரு காலையில் வெளிநோயாளிகள் வரிசையில் நூற்றுக்கு மேல் ஆள் நிற்கும்போது டாக்டருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். டாக்டரே செய்ய வேண்டியதில்லை. டென்மார்க்கில் செய்தது ஒரு நர்ஸ். இங்கே 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அத்தை வீட்டுக்கும் ஒரு பெண் வருகிறார், திண்ணையில் உட்கார்ந்து பெயர் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குகிறார். அவரிடம் "வேற என்ன மாத்திரை போடுறீங்க, எடுத்தாங்க பாப்போம்" என்று கேட்கச் சொல்லிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது வலது முட்டியின் முறை. மாமா மறுபடி ஃபைலைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார். பேக்கேஜ்காரர்களிடமிருந்து வாரம் ஒரு வாட்ஸ்அப் வருகிறது. அத்தை தஞ்சாவூருக்குத்தான் போவேன் என்கிறார், அதுவும் அந்த மயக்க மருந்து டாக்டர் டியூட்டியில் இருக்கும் நாளில். எலும்பு டாக்டர் யார் இருந்தாலும் பரவாயில்லையாம்.